தாய்மைக் காலத்தில் வரும் அழைப்பும் தேவனுடைய வேளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் குடும்ப முகாம்களிலும், எல்லாரும் கேட்கும்படி அல்லாமல், கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் தாய்மார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஊழியத்துக்கு அழைக்கப்பட்டதாக உணர்ந்தும், மடியில் குழந்தையோ, பொதுத் தேர்வு எழுதும் பிள்ளையோ, படுக்கையில் மாமியாரோ இருப்பதால் அடியெடுத்து வைக்க முடியாமல் நிற்கிறவர்களை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மேற்கோள் காட்டப்படும் வசனங்கள் நம் ஆராதனைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

அழைப்பு என்றாலே முழுநேர ஊழியம்தானா?

அல்ல. அழைப்பு என்றவுடன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வட இந்தியப் பணித்தளத்துக்கு ரயிலேறும் மிஷனெரியின் உருவம்தான் நமக்குத் தோன்றுகிறது. அதுவும் அழைப்புதான், ஆனால் அது மட்டுமே அழைப்பு என்றால், ஏரோதின் காரியக்காரனாகிய கூசாவின் மனைவி யோவன்னாளை லூக்கா தன் நூலில் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டியதில்லை. அவள் தன் ஆஸ்தியைக் கொண்டு ஆண்டவருக்கு ஊழியஞ்செய்தவள் (லூக்கா 8:3). பிரிஸ்கில்லாள் கூடாரம் பண்ணும் தொழிலை விடாமலேயே அப்பொல்லோவுக்கு வேதத்தை விளக்கினாள். ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பை எடுப்பது, அரசு மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிப்பது, குடிநோயாளிகளின் மனைவிமாருக்குத் துணை நிற்பது, எழுதுவது, மொழிபெயர்ப்பது, முறைப்படி இறையியல் படித்து ஆயராவது ஆகிய அனைத்தும் இந்தப் பக்கத்தில் அழைப்பு என்றே கொள்ளப்படுகின்றன.

இது தேவனுடைய அழைப்பா, என் சொந்த ஆசையா என்று எப்படி அறிவது? புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை உறுதியாகக் கொள்ளலாமா?

டிசம்பர் 31 இரவு ஆராதனையின் முடிவில் தட்டிலிருந்து எடுக்கும் அட்டை ஆறுதல் தரலாம்; அதில் தவறில்லை. ஆனால் உங்களுக்கு "எழும்பிப் பிரகாசி" என்ற வசனம் வந்த அதே தட்டில் கைவிட்ட அடுத்த வீட்டுச் சகோதரிக்கு "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற வசனம் வந்திருக்கும். அட்டை மாறியிருந்தால் அவர் ஊழியத்துக்குப் புறப்பட்டிருப்பார், நீங்கள் வீட்டிலேயே இருந்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தாலே, ஒரு வாழ்நாள் முடிவை அதன்மேல் வைக்கலாகாது என்பது விளங்கும். கன்வென்ஷன் மேடையில் உங்களைச் சுட்டிக்காட்டி யாராவது தீர்க்கதரிசனம் சொல்லியிருந்தாலும், மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் என்பதே அப்போஸ்தலன் தந்த ஒழுங்கு (1 கொரிந்தியர் 14:29).

உறுதி பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, பாரம் தணியாமல் நிற்பது. முகாம் முடிந்து, சாட்சி சொன்னவரின் குரல் மறந்து, வீட்டில் தண்ணீர்க் குடமும் துணி மூட்டையும் வழக்கம்போல் காத்துக்கிடக்கும் சாதாரண நாட்களிலும் அந்த எண்ணம் விட்டுப்போகாமல் இருந்தால் அது கவனிக்கத் தக்கது. இரண்டாவது, உங்களை நன்கு அறிந்த சபையாரும் அதை உங்களில் காண்பது. பின்பு பவுல் எனப்பட்ட சவுலைக் கர்த்தர் தமஸ்குவுக்குப் போகும் வழியில் அழைத்தார். ஆனால் அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்துக் கைகளை வைத்து அனுப்பியது வெகுகாலம் கழித்து (அப்போஸ்தலர் 13:1-3). இடையில் அரபி தேசமும், சொந்த ஊராகிய தர்சுவில் பெயர் தெரியாமல் இருந்த ஆண்டுகளும் கடந்தன. அழைக்கப்படுவதும் அனுப்பப்படுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

கைக்குழந்தையோடு இருக்கும் காலத்தில் அழைப்பைத் தந்துவிட்டு, அதை நிறைவேற்ற வழியைத் திறக்காமல் இருப்பது ஏன்?

காரணம் முழுவதும் நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் பால் கொடுக்கும் தாயைத் தேவன் எப்படி நடத்துகிறார் என்பது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் முடிவில் வரும் "புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்" என்ற வசனத்தை நாம் சுவரில் மாட்டுகிறோம். அதே அதிகாரத்தின் 11ஆம் வசனத்தை யாரும் மாட்டுவதில்லை. மேய்ப்பனைப்போல மந்தையை மேய்க்கும் கர்த்தர் ஆட்டுக்குட்டிகளைத் தமது மடியிலே சுமந்து, "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்" என்கிறது அந்த வசனம். மந்தை நிற்பதில்லை, ஆனால் அதன் வேகத்தைத் தீர்மானிப்பது முன்னே ஓடும் கிடா அல்ல, குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆடு.

இதே காரியத்தை ஆடு மேய்த்துப் பழகிய யாக்கோபும் சொல்கிறான். ஏசா தன் நானூறு பேரோடு வந்து, சேர்ந்தே போவோம் என்று அழைத்தபோது, பிள்ளைகள் இளம்பிள்ளைகள், கறவையான ஆடுமாடுகள் என்னிடத்தில் இருக்கின்றன, அவைகளை "ஒரு நாளாவது துரிதமாய் ஓட்டினால், மந்தையெல்லாம் மாண்டுபோம்" என்று சொல்லி, ஏசாவை முன்னே போகச் சொல்லிவிட்டான் (ஆதியாகமம் 33:13). யாக்கோபின் வார்த்தைகள் எல்லாவற்றையும் நம்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஏசாவின் ஊராகிய சேயீருக்கு வருவேன் என்றவன், அதற்குப்பின் அங்கே போகவேயில்லை. ஆனால் ஆடுகளைப் பற்றி அவன் சொன்னது சரி.

சாமுவேலின் தாய் அன்னாளின் கதையும் இங்கே கவனிக்கத் தக்கது. அவள் பொருத்தனை பண்ணியவள். பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்து, பிள்ளையும் பிறந்தாயிற்று. எல்க்கானா குடும்பத்தோடு வருஷாந்தர பலிக்குச் சீலோவுக்குப் புறப்பட்டபோது, அவள் போகவில்லை. பிள்ளை பால்மறந்தபின்பு கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டாள் (1 சாமுவேல் 1:22). வாக்குக் கொடுத்த ஒருத்தி ஆலயத்துக்கே போகாமல் வீட்டில் இருந்ததை வேதம் ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை. எல்க்கானாவின் பதிலும் அழகானது: அவனைப் பால்மறக்கப்பண்ணுமட்டும் இரு, கர்த்தர் தம்முடைய வார்த்தையை மாத்திரம் நிறைவேற்றுவாராக என்றான். பொருத்தனை கைவிடப்படவில்லை, பிள்ளை பால்மறந்ததும் அவள் புறப்பட்டாள். அந்த நாட்களில் பிள்ளைகள் இப்போதையவிட நீண்ட காலம் பால் குடித்தார்கள் என்பதால், அது ஓரிரு மாதக் காத்திருப்பாய் இருந்திருக்காது.

அப்படியானால் காத்திருக்கும் காலத்தில் சும்மா இருந்துவிடலாமா?

கூடாது. அன்னாள் சீலோவுக்குப் போகாத ஆண்டுகளில் சாமுவேலை ஆலயத்தில் விடத்தக்க பிள்ளையாக ஆக்கிக்கொண்டிருந்தாள். காத்திருப்பைக் குறித்து நம் சபைகளில் ஒரு சோம்பலான பேச்சு இருக்கிறது. கர்த்தர் வேளையில் செய்வார் என்று சொல்லி, பத்து ஆண்டுகளாக ஒரு புத்தகமும் வாசிக்காமல், ஒரு பாடமும் ஆயத்தம் செய்யாமல் இருந்துவிட்டு, வேளை வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறோம்.

இரட்சணிய சேனையின் தாய் என்று அழைக்கப்படும் கேத்தரின் பூத், பெண்கள் பிரசங்கிக்க வேதத்தில் இடமுண்டு என்பதை நிலைநாட்டி 1859இல் ஒரு சிறுநூல் எழுதினார். அந்நாளில் அவர் தாமே பிரசங்கிக்கிறவர் அல்லர்; கூச்சம் மிகுந்தவர், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தவர். நான்காவது குழந்தை எம்மா 1860 ஜனவரியில் பிறந்தாள். அந்த ஆண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, கேட்ஸ்ஹெட் ஊர் ஆலயத்தில் கணவர் பிரசங்கத்தை முடிக்கும் நேரத்தில், அவர் எழுந்து நடந்து முன்னே வந்து, தாம் ஒரு வார்த்தை பேச விரும்புவதாகச் சொன்னார். அன்று மாலையே அவர் பிரசங்கிப்பார் என்று கணவர் அறிவித்துவிட்டார். அந்த மாலையில் பேசுவதற்கு வேண்டியதெல்லாம் அதற்கு முந்தைய ஆண்டுகளில், தொட்டிலும் சமையலறையும் நிறைந்த வீட்டில் வாசித்தும் எழுதியும் சேர்த்துவைத்தவை. அவர் எட்டுப் பிள்ளைகளின் தாயானார்.

நடைமுறையில் ஒரு சகோதரியின் ஏற்பாட்டைச் சொல்கிறேன். இரவுப் பால் கொடுக்கும்போது கைப்பேசியில் வேறெதையும் திறக்காமல் ஒரு சங்கீதத்தை ஒலியாகக் கேட்பார். குழந்தை தூங்கியதும் விளக்கைப் போடாமலே அதில் ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்லிப் பார்ப்பார். காலையில் குக்கர் ஏற்றிவிட்டு, விசில் வருவதற்குள் அந்த வரியைச் சமையலறை மேடையில், மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவார். துவரம்பருப்பு, எண்ணெய் என்ற பட்டியலுக்குப் பின்னால் சங்கீதம் 119 முழுவதும் அவரிடம் இருக்கிறது. படிப்பில் நாட்டமுள்ளவர்கள் செராம்பூர் பல்கலைக்கழகப் பேரவையின் வெளிநிலைப் படிப்புகளைக் குறித்துத் தங்கள் ஆயரிடம் விசாரிக்கலாம். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதும் இந்த வழியில் தமிழ்நாட்டில் பலர் இறையியலில் அடிப்படை பெற்றிருக்கிறார்கள்.

கணவர் சம்மதிக்கவில்லை. நான் தேவனுக்குக் கீழ்ப்படிவதா, கணவருக்கா?

கேள்வியை இவ்வளவு கூர்மையாக்குவதற்கு முன், அவர் சொன்னது "வேண்டாம்" என்பதா, "இப்போது வேண்டாம்" என்பதா, அல்லது தோளைக் குலுக்கியது மட்டுமா என்று பாருங்கள். பல கணவன்மாரின் மறுப்புக்குப் பின்னால் இருப்பது இறையியல் அல்ல. மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது வீடு பூட்டியிருக்குமோ என்ற கவலை, பிள்ளைகளின் மதிப்பெண் குறையுமோ என்ற பயம், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற கூச்சம், சில சமயம் தன்னைவிட மனைவி சபையில் பெயர் பெற்றுவிடுவாளோ என்ற சொல்லப்படாத வருத்தம். எது என்று தெரிந்தால் பாதிக்குமேல் பேசித் தீர்க்கக்கூடியதே. வாரத்தில் ஒரு மாலை, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று எல்லை வைத்துத் தொடங்கி, முடிவில் இருவரும் உட்கார்ந்து பேசலாம் என்று சொன்னால் சம்மதிக்கிற கணவர்கள் நிறையப் பேர்.

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா வெஸ்லி இதில் நல்ல வழிகாட்டி. அவருக்குப் பத்தொன்பது பிள்ளைகள் பிறந்து, பத்துப் பேர் பிழைத்தனர். 1712ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், குருவானவராகிய கணவர் சாமுவேல் திருச்சபைப் பேரவைக்காக லண்டனில் தங்கியிருந்தபோது, ஞாயிறு மாலையில் தன் பிள்ளைகளுக்காக வீட்டில் நடத்திவந்த ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தாரும் வரத் தொடங்கி, இருநூறு பேர் வரை கூடினார்கள். உதவிக் குரு புகார் எழுத, கணவர் நிறுத்தும்படி எழுதினார். சுசன்னா ஓடி ஒளியவுமில்லை, சண்டைக்கும் போகவில்லை. இந்தக் கூட்டத்தால் நடந்த நன்மைகளை ஒவ்வொன்றாக எழுதி, இதை நிறுத்த வேண்டும் என்றால் விருப்பம் என்று சொல்ல வேண்டாம், தெளிவான கட்டளையாகவே அனுப்பும், அப்போதுதான் நியாயத்தீர்ப்பு நாளில் இந்த ஆத்துமாக்களைக் குறித்த பொறுப்பு என்மேல் இராது என்று பதில் எழுதினார். அந்தக் கட்டளை வரவில்லை. கணவரின் அதிகாரத்தை அவர் மறுக்கவில்லை. அதற்குரிய பொறுப்பையும் கணவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

கணவர் விசுவாசியல்லாதவராக இருந்தால் 1 பேதுரு 3:1 சொல்லும் பொறுமையான வழி உங்களுக்கு முன் இருக்கிறது. ஆனால் அடி, வசை, ஆலயத்துக்கே போகவிடாமல் தடுத்தல் என்ற நிலை இருந்தால், அது "தேவனுடைய வேளைக்குக் காத்திருத்தல்" என்ற தலைப்பில் வரவே வராது. அதை ஆயரிடமோ, நம்பத்தகுந்த மூத்த சகோதரியிடமோ உடனே சொல்லுங்கள்.

"பிள்ளைகளை வளர்ப்பதே உன் ஊழியம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரியா?

சொல்கிறவர் யார், எதற்காகச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் தீமோத்தேயுவுக்கு ஊட்டிய விசுவாசத்தைப் பவுல் தன் கடைசி நிருபத்தில் நினைவுகூருகிறார் (2 தீமோத்தேயு 1:5). பிள்ளை வளர்ப்பு ஊழியத்துக்குக் குறைந்தது என்று எண்ணுகிறவர் அந்த வசனத்துக்குமுன் தலைகுனிய வேண்டும். ஆனால் அதே வேதம், தெபொராள் "இஸ்ரவேலிலே தாயாக" எழும்பினாள் என்றும் சொல்கிறது (நியாயாதிபதிகள் 5:7). ஒரு தாயின் அழைப்பு அவள் வீட்டு வாசலோடு முடிந்தாக வேண்டும் என்பது வேதத்தின் சட்டம் அல்ல. தகப்பனுக்கு யாரும் "பிள்ளைகளை வளர்ப்பதே உன் ஊழியம்" என்று சொல்வதில்லை என்பதையும் கவனிக்கலாம். எபேசியர் 6:4 பிதாக்களுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். எல்லாத் தாமதமும் தேவனுடைய தாமதம் அல்ல. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் 1976இல்தான் தொடங்கியது. அதன் முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா நந்தியால் திருமண்டலத்துக்கு 2013இல்தான் அபிஷேகம் பெற்றார். அதற்கு முந்தைய தலைமுறைகளில் எத்தனையோ பெண்கள், திருநெல்வேலி கிராமங்களில் வீடு வீடாகச் சென்று எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுத்த வேதாகமப் பெண்கள் உட்பட, ஆயர் செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஆயர் என்ற பெயரில்லாமலே செய்து முடித்துப் போனார்கள். மனிதர் தாமதித்ததற்குத் தேவனுடைய வேளை என்று பெயர் சூட்டிவிட்டால், தாமதித்தவர்கள் மனந்திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். கிடைக்கவேண்டிய பொறுப்பு உங்களுக்குக் கிடைக்காததன் காரணம் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் விருப்பமின்மைதான் என்றால், ஜெபத்தோடு மனுவும் கொடுங்கள். அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நின்ற விதவையைக் காட்டித்தான் ஆண்டவர் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதைக் கற்றுக்கொடுத்தார் (லூக்கா 18).

அழைப்பு உறுதியானால், பிள்ளைகளைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்று நம்பி விட்டுப்போகலாமா?

அவர் பார்த்துக்கொள்வார் என்பது உண்மை. அதைச் சொல்லிக்கொண்டு நாம் பார்க்காமல் விடுவது விசுவாசம் அல்ல. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்கிறது 1 தீமோத்தேயு 5:8. ஊழியக்காரர் குடும்பங்களுக்கு அந்த வசனத்திலிருந்து விலக்கு அளிக்கப்படவில்லை.

வில்லியம் கேரியின் மனைவி டாரதியின் கதையை நம் மிஷனெரி ஞாயிறு பிரசங்கங்கள் விரைவாகத் தாண்டிப்போகின்றன. 1793இல் கேரி இந்தியாவுக்குப் புறப்பட முடிவுசெய்தபோது, நிறைகர்ப்பிணியாக இருந்த டாரதி வரமறுத்தார். குழந்தை பிறந்த சில வாரங்களில், பயணம் தடைப்பட்டுக் கணவர் திரும்பிவந்து மறுபடியும் வற்புறுத்தியபோது, தங்கை துணைக்கு வந்தால் வருகிறேன் என்று இசைந்தார். மறு ஆண்டே வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். டாரதியின் மனம் பேதலித்தது. 1807இல் இறக்கும்வரை அது தெளியவேயில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளுக்காக நாம் நன்றி சொல்லும்போது, அடுத்த அறையில் அடைக்கப்பட்டிருந்த அந்தத் தாயையும் நினைக்க வேண்டும். கணவனுக்கு வந்த வேளை மனைவிக்கும் வந்துவிட்டதாக அங்கே கொள்ளப்பட்டது; வரவில்லை என்பதை டாரதி சொன்ன மறுப்பிலேயே கேட்டிருக்கலாம்.

பணித்தளத்தில் பள்ளி இல்லாததால் பிள்ளைகளை விடுதியில் விடும் மிஷனெரித் தாய்மார் இந்த நாட்டில் இன்றும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல இந்தப் பக்கம் எழுதப்படவில்லை; பலருடைய பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் எத்தனை வயதில் விடுவது, விடுமுறை எப்போது, பிள்ளை வாரம் ஒருமுறை பேச முடியுமா, ஒரு பிள்ளைக்கு அது ஒத்துவரவில்லை என்றால் ஸ்தாபனம் குடும்பத்தை வேறிடத்துக்கு மாற்றுமா என்ற கேள்விகளைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது அவிசுவாசம் அல்ல. அன்னாள்கூட சாமுவேலுக்கு வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக்கொண்டு போனாள் (1 சாமுவேல் 2:19). ஆண்டுக்கு ஆண்டு பிள்ளையின் அளவு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் எதற்கு அழைக்கப்பட்டேன் என்று நினைத்தேனோ, அது பிள்ளைகளால் முற்றிலும் மாறிவிட்டது. வழி தவறிவிட்டேனா?

டோனாவூரின் ஏமி கார்மைக்கேல் மணமாகாதவர். ஆனாலும் இந்தக் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. 1895இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் தமிழ்ப் பெண்கள் சிலரோடு கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லிவந்தவர். அதுவே தம் அழைப்பு என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. 1901இல் பிரீனா என்ற சிறுமி கோயிலுக்கு விடப்பட்ட வாழ்விலிருந்து தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். பிறகு இன்னும் சில சிறுமிகள், பிறகு கைக்குழந்தைகள். ஊர் ஊராய்ச் சென்றவர் பால்புட்டி கழுவவும், பேதிக்கு மருந்து கொடுக்கவும், இரவெல்லாம் தொட்டில் ஆட்டவும் வேண்டியதாயிற்று. ஆத்துமாக்களைத் தேடவேண்டியவர்கள் ஆயா வேலை பார்ப்பது சரிதானா என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. ஆண்டவர் சீலையை அரையிலே கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவினார் என்ற யோவான் 13ஆம் அதிகாரமே அவருக்குப் பதிலாயிற்று. சுற்றுப்பயணம் நின்றது, பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். 1931இல் விழுந்து காயமடைந்தபின், 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அந்த இருபது ஆண்டுகளில் எழுதியவற்றை உலகெங்கும் வாசிக்கிறார்கள்.

கணவர் இல்லை, தனியாகப் பிள்ளையை வளர்க்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

பண்டித ரமாபாய் 1882இல் விதவையானபோது மகள் மனோரமாவுக்கு ஒரு வயது நிறைந்திருந்ததோ இல்லையோ. மறு ஆண்டு அந்தக் குழந்தையோடு கப்பலேறி இங்கிலாந்து சென்று, அங்கே ஞானஸ்நானம் பெற்றார். விதவைகளுக்கான இல்லத்தை 1889இல் மும்பையில் தொடங்கினார். பின்பு புனேவுக்கு அருகே கேட்காவில் வளர்ந்த முக்தி பணியில், பஞ்சத்தில் அநாதையான நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகள் அடைக்கலம் பெற்றார்கள். மனோரமா வளர்ந்து தாயின் வலது கையானார். எல்லாரும் கப்பலேற வேண்டியதில்லை. ஆனால் துணையில்லாத தாய்க்குச் சபை செய்யவேண்டியது ஒன்று உண்டு: கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைப்பதற்குமுன், கூட்ட நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்பதை ஏற்பாடு செய்வது. உங்கள் சபை அதைச் செய்யவில்லை என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் கீழ்ப்படிய வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. கடனும், கல்லூரிக் கட்டணமும், மருத்துவச் செலவும் இருக்கும் வீட்டில் ஒரே நிலையான சம்பளம் உங்களுடையது என்றால், ஜெபக்கூட்டத்தின் உற்சாகத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

என்னோடு முகாமில் ஒப்புக்கொடுத்தவர்கள் எங்கோ போய்விட்டார்கள். மனது கசக்கிறது.

யோவானைக் காட்டி, ஆண்டவரே, இவன் காரியம் என்ன என்று பேதுரு கேட்டபோது கிடைத்த பதில், "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" (யோவான் 21:22). இதைவிடக் கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தச் சகோதரிகளின் முகநூல் பக்கத்தைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருப்பதும் உதவும்.

ஜெபிக்கவே முடியவில்லை; அழைப்பு, ஊழியம் என்ற சொற்களைக் கேட்டாலே அழுகை வருகிறது. விசுவாசம் போய்விட்டதா?

பிரசவமாகிச் சில வாரங்களோ மாதங்களோ ஆகியிருந்தால், இதைப் பாவமாகப் பார்ப்பதற்குமுன் நோயாகப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு மருத்துவம் அறிந்த நோய்; சிகிச்சையால் குணமாவது. முதல் சில நாட்கள் காரணமில்லாத அழுகை பலருக்கும் வரும். அது இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், தூக்கம் முற்றிலும் கெட்டால், குழந்தையிடம் ஒட்டுதல் வராவிட்டால், மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. தன்னையோ குழந்தையையோ எதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே போக வேண்டும். அதை உபவாசத்தால் விரட்டப் பார்க்க வேண்டாம். எலியா சூரைச்செடியின்கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, கர்த்தர் அவனுக்கு ஊழியத்தை நினைவூட்டவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தார், மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னார் (1 இராஜாக்கள் 19). அடுத்த பணியைப் பற்றிய பேச்சு அதற்கு வெகுநாள் கழித்து ஓரேபில்தான் வருகிறது.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எனக்கும் வயதாகிவிட்டது. வேளை கடந்துவிட்டதா?

மோசே பார்வோனிடம் போய் நின்றபோது அவனுக்கு எண்பது வயது. தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டு, எருசலேமில் மீட்புக்காகக் காத்திருந்த யாவருக்கும் அவரைக் குறித்துப் பேசிய தீர்க்கதரிசி அன்னாளுக்கு ஏறக்குறைய எண்பத்துநாலு (லூக்கா 2:36-38). இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. தெரிந்திருந்தும் ஆறுதல் வராததற்குக் காரணம், கடந்துபோன ஆண்டுகளுக்காக நீங்கள் இன்னும் துக்கப்பட்டு முடிக்காததாக இருக்கலாம். அந்தத் துக்கத்தை மூடவேண்டாம். யாரோ தடுத்ததால் போன ஆண்டுகள், நீங்களே பயந்து விட்டுவிட்ட ஆண்டுகள், உண்மையிலேயே பிள்ளைகளுக்காக மனதாரக் கொடுத்த ஆண்டுகள் என்று மூன்று வகையும் கலந்திருக்கும்; முதலாவதை மன்னிக்கவும், இரண்டாவதை அறிக்கையிடவும், மூன்றாவதை இழப்பு என்று எண்ணாமல் இருக்கவும் வேண்டும். பிறகு, உடம்புக்கு முடிந்ததைத் தொடங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர் கிராம ஊழியத்துக்கு ஏன் ஆசைப்பட வேண்டும்? இளம் தாய்மாரின் குழந்தைகளை வாரத்தில் ஒருநாள் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல்தான் பல சபைகளில் அவர்களின் அழைப்பு முடங்கிக் கிடக்கிறது.

வேளை வந்துவிட்டதாக நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

முதலில் வீட்டில் சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள், அவர்கள் பெரியவர்கள் மறைக்கும் காரியங்களைச் சொல்லிவிடுவார்கள். பிறகு ஆயரைக் கணவரோடு சென்று சந்தியுங்கள். தனித்திருப்பவர் ஒரு மூத்த சகோதரியை அழைத்துச் செல்லலாம். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும் நேரத்தில் இதைச் சொல்லாதீர்கள். அவர் தலையசைப்பார், மறந்துவிடுவார். சாதாரண நாளில் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். "ஏதாவது ஊழியம் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் கல்யாணப் பந்தியும் பூச்சாடியும்தான் கிடைக்கும். ஆகையால் இன்ன வேலை, இன்ன நாள், ஆறு மாதத்துக்கு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மார்ச்சில் பிள்ளைக்குப் பொதுத் தேர்வு இருந்தால், அந்த மாதம் வர இயலாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அதற்காக உங்களைக் குறைவாக எண்ணும் ஆயரிடம் ஏசாயா 40:11ஐக் காட்டலாம். ஆறு மாதம் முடிந்தபின் தொடர்வதா, நிறுத்துவதா, வேறு பணிக்கு மாறுவதா என்று மறுபடியும் அதே அறையில் பேச ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.